டைப் 1 சர்க்கரை (உடம்பில் இன்சுலின் சுரக்காத நோய்) உள்ள பிள்ளைகளுக்கு இன்சுலின், சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் உதவி தேவை

வணக்கம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டினால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கிடைக்காது. கம்பெனி பாலிசி இருந்தாலும் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரி அட்மிஷன் செலவுக்குத்தான். தினமும் போடும் இன்சுலின் முழுக்கக் கைக்காசு. ஒரு நாளைக்கு ஐந்து முறை சுகர் பார்த்தால் 50 ஸ்ட்ரிப் டப்பா பத்தே நாளில் தீரும். காசை மிச்சம் பிடிக்க ஸ்ட்ரிப்பைக் குறைப்பதுதான் ஆபத்து; ராத்திரி லோ சுகர் தெரியாமலே போய்விடும்.

கேட்பது இவைதான்: எந்த அரசு மருத்துவமனையில் வருமானச் சான்று கேட்காமல் பிள்ளைகளுக்கு இன்சுலின் தருகிறார்கள்? பிரிக்காத, காலாவதிக்கு மூன்று மாதமாவது இருக்கும் ஸ்ட்ரிப் யாரிடமாவது உண்டா? சுகர் மீட்டர் மாடலைக் கட்டாயம் எழுதுங்கள், ஒன்றின் ஸ்ட்ரிப் இன்னொன்றில் ஓடாது. இன்சுலின் தருபவர்கள் அது ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருந்ததா என்று சொல்லுங்கள். உறைந்தது வேண்டவே வேண்டாம். பயன்படுத்திய இன்சுலின் பென், அதற்குள் போடும் மருந்துக் கார்ட்ரிட்ஜ் அனுப்பாதீர்கள், ஊசியை மாற்றினாலும் தொற்று வரும்.

இன்சுலின் குப்பியில் 40, 100 என்று (ஒரு மில்லியில் எத்தனை யூனிட் என்று) எழுதியிருப்பதையும் படம் எடுத்துப் போடுங்கள். 100 மருந்தை, 40-க்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் அளந்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். சின்ன உடம்பு தாங்காது. இருப்பவர்கள் ஊர்ப் பெயரோடு இங்கேயே பதில் போடுங்கள்.