மறு: மறு: ஒலிகிரேனனுக்குத் தமிழ்ச் சொல் (வெள்ளிக்கிழமைக்குள்)

வேலூரிலிருந்து:
நண்பர்களே, முழங்கை முறிவு ஆறியவர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. எலும்புகளுக்குப் புயவென்பு (மேற்கை எலும்பு), ஆரை (முன்கையில் பெருவிரல் பக்க எலும்பு), அரந்தி (சுண்டுவிரல் பக்க எலும்பு) என்று இலங்கை வழக்கை எடுத்துக்கொண்டேன். கையை மடக்கினால் பின்னால் துருத்தும் அரந்தியின் மேல்முனைக்குத்தான், அதாவது ஒலிகிரேனனுக்குத்தான், சொல் அகப்படவில்லை. கையை நீட்டும்போது அது புயவென்பின் பின்புறக் குழியில் போய் அமர்கிறது. குழிக்கும் அதே பெயர் என்பதால், 'குழி' சேர்த்தாலும் நாக்கு இடறக் கூடாது.

குடியாத்தத்திலிருந்து:
கிரேக்கத்தில் அது 'முழங்கையின் தலை'. ஆனால் முழங்கை எது? முழம் என்ற அளவால் வந்த பெயர் என்பவர்கள், முழங்காலால் எதை அளந்தார்களாம்? தெலுங்கில் மோசேயி, மோகாலு. கன்னடத்தில் மொணகை, மொணகால். எங்கள் ஊர்ச் சந்தையில் நின்றாலே பாதி இலக்கணம் விளங்கிவிடும். கரும்பின் கணுவுக்கு 'மொழி' என்ற பெயரும் உண்டு. ஆக மூட்டுதான் முதல், அளவு பிறகு. என் பரிந்துரை: மொழித்தலை.

ஆரணியிலிருந்து:
மொழித்தலை என்றால் தமிழ்ப் பாடத்தின் தலைப்பு என்று நினைப்பார்கள், ஐயா! வளைந்த முனைதானே, 'அலகு' போதும்.

காட்பாடியிலிருந்து:
அலகு ஆகாது. அரந்திக்கு முன்பக்கமும் ஒரு முனை உண்டு. காக்கையை வைத்துக் கிரேக்கர் பெயரிட்டது அதற்குத்தான். இவ்விரு முனைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளம், ஸ்பானர் வாயைப் போலப் புயவென்பின் கப்பியை (அதன் கீழ்முனையிலுள்ள உருளை வடிவப் பகுதியை) கவ்வுகிறது. அலகைப் பின்முனைக்குக் கொடுத்துவிட்டால் காக்கை எங்கே போகும்?

ஆரணியிலிருந்து:
கப்பி என்றால் இங்கே சாலைக்குக் கொட்டும் கல். இராட்டினம் என்று எழுதுங்கள்.

இராணிப்பேட்டையிலிருந்து:
புத்தூர்க் கட்டுக்கு ஓடுகிறவரிடம் அரந்தி என்றால் யார் வீட்டுப் பெண் என்று கேட்பார். ஊரில் அது 'கை முட்டி'. முட்டிமுனை என்று போட்டு முடியுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:
முட்டி வடசொல்.

இராணிப்பேட்டையிலிருந்து:
முஷ்டி வேறு, முட்டு வேறு. அது போகட்டும், புயம் மட்டும் எந்த ஊர்? புஜத்தை விட்டுவிட்டு முட்டியைப் பிடிப்பானேன்?

காட்பாடியிலிருந்து:
விரலால் தொட்டுக் காட்டக்கூடியதற்கு 'முனை' பொருந்தும். இந்த முனையும், புயவென்பின் கீழ்முனையில் இருபுறமும் உள்ள புடைப்புகளும் கையை நீட்டினால் ஒரே கோட்டில் நிற்கும். செங்கோணமாக மடக்கினால் முக்கோணமாகும். மூட்டு நழுவினால் முக்கோணம் குலையும். புடைப்புகளுக்கு மேலே புயவென்பு முறிந்தால் குலையாது. மருத்துவர் தடவிப் பார்ப்பது இதைத்தான். எனவே முழங்கைமுனை, முழங்கைமுனைக் குழி.

வேலூரிலிருந்து:
ஆரணியும் இராணிப்பேட்டையும் தனிமடலில் 'சரி, விடுங்கள்' என்றுவிட்டதால் முழங்கைமுனையை அச்சுக்கு அனுப்புகிறேன்.

குடியாத்தத்திலிருந்து:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த எலும்புக்குத்தான் முனை இல்லை? அந்த இரண்டு புடைப்புகளுக்கும் என்ன பெயர் போடப்போகிறீர்கள்? என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. 'மொழி'யிலிருந்து தொடங்கினால்...