பரங்கியில் விதைத்தேர்வு: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். உரமும் மருந்தும் இடாமல், வேர் பிடிக்கும் வரை மட்டுமே நீர் பாய்ச்சி, பல பரங்கி வகைகளைக் கலந்து விதைத்து, தாக்குப்பிடிக்கும் கொடிகளிலிருந்து விதை எடுத்து வருகிறேன். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே பூத்து, மகரந்தத்தைத் தேனீக்கள் சுமந்து செல்லும் பயிர் என்பதால், தாய்க்கொடியை நான் தேர்ந்தெடுத்தாலும் தந்தை எதுவென்று தெரிவதில்லை. பழத்தை அறுத்துச் சுவை பார்ப்பதற்குள் மட்டமான கொடிகளின் மகரந்தமும் தோட்டமெங்கும் பரவிவிடுகிறது. (கசப்பு தட்டும் காயின் கொடியை உடனே பிடுங்கிவிடுகிறேன், குக்குர்பிட்டாசின் என்ற அந்த நச்சு சமைத்தாலும் போகாது.)

நுனியில் மஞ்சள் கண்ட மொட்டுகளை மாலையிலேயே நூலால் கட்டி, மறுநாள் அதிகாலையில் கையால் மகரந்தம் சேர்ப்பது துல்லியமானதே. ஆனால் உழைப்பைக் குறைக்கும் நோக்கத்துக்கு அது ஒத்துவரவில்லை. எனவே, ஒவ்வொரு பழத்தின் விதையிலும் பாதியைச் சேமித்துவைத்து, மறுபாதியைத் தனித்தனி வரிசையாக விதைத்துச் சோதித்து, சிறந்த வரிசைகளுக்குரிய சேமிப்பு விதையை மட்டும் அடுத்த பருவத்தில் கலந்து விதைக்க எண்ணுகிறேன்.

இம்முறையைச் சிறிய நிலத்தில் கையாண்டவர்கள், வரிசைக்கு எத்தனை கொடிகள் வைத்தீர்கள் என்றும், மரபு வளம் குறுகாமலிருக்கக் குறைந்தது எத்தனை தாய்ப்பழங்களைத் தொடர்ந்து பேணினீர்கள் என்றும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.