எல்எல்விஎம் பாஸ்: பெருக்கல ஷிஃப்ட்டா மாத்துறேன், ஒரு ஃபைல்ல ஓடவே இல்ல, ஒண்ணுல கிராஷ், ஒண்ணுல மாத்தினது திரும்ப பெருக்கலா வந்து நிக்குது

கேட்டவர்:

எல்லாருக்கும் வணக்கம். எல்எல்விஎம்ல (கம்பைலர் கட்ட உதவுற ஃப்ரேம்வொர்க்) முதல் தடவையா சொந்தமா ஒரு பாஸ் (கோட அலசி மாத்துற ஒரு கட்டம்) எழுதுறேன், மூணு வாரமா ஒரே இடத்துல சுத்திட்டு இருக்கேன், அதான் இங்க கேக்குறேன்.

என்கிட்ட இருக்குறது ஒரு குட்டி ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸர் கோர், 32 பிட், எம் எக்ஸ்டென்ஷன் கிடையாது, அதாவது பெருக்கல் இன்ஸ்ட்ரக்ஷனே இல்ல. சி கோடுல பெருக்கல் வந்தா கம்பைலர் ஒரு லைப்ரரி ஃபங்ஷன கூப்பிடுது, அதுக்குள்ள ஒரு லூப், ரொம்ப ஸ்லோ. ஆனா என் கோடுல வர்ற பெருக்கல்ல முக்காவாசி 7, 10, 100 மாதிரி மாறாத எண்ணாலதான். அதனால 10-ன்னா எக்ஸ 3 பிட் தள்ளி, 1 பிட் தள்ளி, ரெண்டையும் கூட்டு, 7-ன்னா 3 பிட் தள்ளி அதுல எக்ஸ கழின்னு மாத்துற ஒரு ஃபங்ஷன் பாஸ் எழுதினேன். எல்எல்விஎம் சோர்ஸ தொடல, தனியா பிளகினா பில்டு பண்ணி லோடு பண்றேன்.

மூணு பிரச்சனை. ஒண்ணு, கிளாங்ல (எல்எல்விஎம்மோட சி கம்பைலர்) ஐஆர் (கம்பைலரோட இடைநிலை கோடு) எடுத்து ஆப்ட்ல (ஐஆர் மேல பாஸ ஓட்டுற டூல்) பாஸ ஓட்டினா எர்ரர் எதுவும் இல்ல, ஆனா எதுவும் மாறவும் இல்ல, ரன் ஃபங்ஷனோட முதல் வரில ஒரு பிரிண்ட் போட்டேன் அதுகூட வரல. ரெண்டு, வேற ஒரு பெரிய ஐஆர் ஃபைல்ல பாஸ் ஓடுது, ஆனா அடுத்து ஓ2 (ஆப்டிமைஸேஷன் லெவல்) ஓடும்போது செக்மென்டேஷன் ஃபால்ட், ஸ்டேக் ட்ரேஸ்ல என் பாஸ் பேரே இல்ல, சம்பந்தமே இல்லாத இன்னொரு பாஸ்ல விழுது. மூணு, சின்ன ஃபைல்ல கிளாங்கோட ஓ2-லயே பிளகின சேத்து ஓட்டினா, மாத்திட்டேன்னு என் பிரிண்ட் வருது, ஆனா கடைசி அசெம்ப்ளில அந்த லைப்ரரி கால் அப்படியே இருக்கு. பைப்லைன் ஆரம்பத்துலதான் பாஸ ரெஜிஸ்டர் பண்ணிருக்கேன். ஆப்ட், கிளாங் ரெண்டும் டிஸ்ட்ரோ பேக்கேஜ்ல வந்ததுதான்.

பதில் 1:

முதல் பிரச்சனை எனக்கும் வந்திருக்கு. நீங்க கிளாங்ல ஓ லெவல் எதுவும் குடுக்காம ஐஆர் எடுத்திருப்பீங்க, அப்போ ஓ0-தான் டீஃபால்ட், ஓ0-ல ஒவ்வொரு ஃபங்ஷன் மேலயும் ஆப்ட்நன்-ன்னு ஒரு ஆட்ரிபியூட் ஒட்டிடும், அது இருந்தா பாஸ் மேனேஜர் உங்க பாஸ சத்தமில்லாம தாண்டிப் போயிடும். ஐஆர் ஃபைல தொறந்து கீழ ஆட்ரிபியூட் வரிகள பாருங்க, கண்டிப்பா இருக்கும். ஆப்ட்ல டீபக் பாஸ் மேனேஜர் ஆப்ஷன போட்டாலும் இன்ன ஃபங்ஷன்ல ஆப்ட்நன் இருக்குறதால ஸ்கிப் பண்றேன்னு அதுவே சொல்லும். உங்க பாஸ் கிளாஸ்ல இஸ்ரிக்வயர்டு-ன்னு ஒரு ஸ்டாடிக் ஃபங்ஷன் எழுதி ட்ரூ ரிட்டர்ன் பண்ணுங்க, ஓடிடும்.

பதில் 2:

காரணம் சரியா சொல்லிருக்கீங்க, ஆனா அந்த தீர்வு இந்த பாஸுக்கு வேணாம். இஸ்ரிக்வயர்டுங்குறது ஓடலைன்னா ப்ரோக்ராமே தப்பாயிடும்ங்குற பாஸுக்கு, உதாரணமா கட்டாயம் கீழ இறக்கியே ஆகவேண்டிய ஒரு இன்ட்ரின்ஸிக்க மாத்துற பாஸுக்கு. இது ஆப்டிமைஸேஷன். ட்ரூன்னு போட்டுட்டா ஆப்ட் பைசெக்ட் லிமிட்டும் இத நிறுத்த முடியாது, நாளைக்கு எந்த பாஸால தப்புன்னு பாதி பாதியா நிறுத்தி தேடும்போது உங்க பாஸ் மட்டும் எப்பவும் ஓடிட்டே இருக்கும், சந்தேகப்பட வேண்டிய ஆளே தேடுதல்ல மாட்டாது. அதுக்கு பதிலா ஐஆர் எடுக்கும்போதே ஓ1 குடுத்து, கூடவே எக்ஸ்கிளாங் வழியா டிஸேபிள் எல்எல்விஎம் பாஸஸ்னு குடுங்க. ஆப்ட்நன் இல்லாத, இன்னும் யாரும் கை வைக்காத ஐஆர் கிடைக்கும்.

ரெண்டாவதுக்கு வர்றேன். டிஸ்ட்ரோ பேக்கேஜ்ல வர்ற ஆப்ட் பெரும்பாலும் ரிலீஸ் பில்டு, அசர்ஷன் (தப்ப அங்கயே கண்டுபிடிக்குற உள்சோதனை) எல்லாம் ஆஃப். பாஸ் எழுதுறவங்களுக்கு அது ஆகாதுங்க, தப்பு நடந்த இடத்துல ஒரு வார்த்தை சொல்லாம எங்கயோ போய் விழும். இப்போதைக்கு ஒண்ணு பண்ணுங்க, அதே ஆப்ட்லயே வெரிஃபை ஈச் ஆப்ஷன போட்டு ஓட்டுங்க, ஒவ்வொரு பாஸ் முடிஞ்சதும் ஐஆர் ஒழுங்கா இருக்கான்னு வெரிஃபையர் பாக்கும், அசர்ஷன் இல்லாத பில்டுலயும் இது வேலை செய்யும். என்ன வருதுன்னு போடுங்க. அப்படியே பிளகின் பில்டு பண்ண ஹெடரும் லோடு பண்ற ஆப்டும் ஒரே வெர்ஷனான்னு பாருங்க. எல்எல்விஎம்மோட சி++ ஏபிஐ ஒரு மேஜர் ரிலீஸ்ல இருந்து அடுத்ததுக்கு அப்படியே இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல, ஆறு மாசத்துக்கு ஒருக்கா புது மேஜர் ரிலீஸ் வந்துட்டே இருக்கும். பிளகின் லோடு ஆகும்போது ஒரு ஏபிஐ நம்பர சரிபாக்கும்தான், ஆனா அந்த நம்பர் ரிலீஸுக்கு ரிலீஸ் ஏறுறது இல்ல, அத நம்பிடாதீங்க.

கேட்டவர்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. முதல் பிரச்சனை தீந்துச்சு, ஆட்ரிபியூட் வரில ஆப்ட்நன் இருந்துச்சு, இப்போ ஓ1 போட்டு எடுக்குறேன், பாஸ் ஓடுது. வெர்ஷன் ஒண்ணுதான், பாத்துட்டேன்.

வெரிஃபை ஈச் போட்டதும் என் பாஸ் முடிஞ்ச உடனே நின்னுடுச்சு, "இன்ஸ்ட்ரக்ஷன் டஸ் நாட் டாமினேட் ஆல் யூஸஸ்"-ன்னு வருது. கீழ ரெண்டு இன்ஸ்ட்ரக்ஷன காட்டுது. ஒண்ணு இஃப் பக்கத்து பிளாக்ல நான் உருவாக்கின கூட்டல், இன்னொண்ணு எல்ஸ் பக்கத்துல அத பயன்படுத்துற ஸ்டோர். யோசிச்சு பாத்தா ஒரே எக்ஸ் 10 ரெண்டு தடவை வந்தா ரெண்டு தடவை செய்ய வேணாமேன்னு ஒரு மேப் வச்சிருக்கேன், முன்னாடி கணக்கு பண்ண வேல்யூவ எடுத்து குடுத்துடும். அதுதான் காரணமா? அப்புறம் பெருக்கல்ல இருந்த என்எஸ்டபிள்யூ ஃப்ளாக புதுசா போடுற எல்லா ஷிஃப்ட்டுக்கும் காப்பி பண்றேன், அதுல ஏதும் தப்பு இருக்கா?

பதில் 3:

ஆமா, மேப்தான். இஃப் பக்கம் எக்ஸ் 10-அ கணக்கு பண்ணி மேப்ல வச்சீங்க, எல்ஸ் பக்கம் வந்தப்போ அதையே எடுத்து குடுத்துட்டீங்க, ஆனா எல்ஸ் வழியா போற கண்ட்ரோல் இஃப் பிளாக்க மிதிக்கவே மிதிக்காது, அப்போ அந்த வேல்யூ அங்க பிறக்கவே இல்ல. எஸ்எஸ்ஏ-ல (ஒவ்வொரு வேல்யூவும் ஒரே ஒரு இடத்துல உருவாகுற ஐஆர் வடிவம்) ஒரு வேல்யூவ எங்க பயன்படுத்தினாலும் அத உருவாக்கின இடம் அங்க வர்ற எல்லா வழியிலயும் முன்னாடி இருக்கணும், டாமினேட்னு சொல்றது அதத்தான். நேர்கோட்டு கோடுல இது தெரியாது, அதனாலதான் சின்ன ஃபைல்ல தப்பிச்சுது. உடைஞ்ச ஐஆர் வெரிஃபை ஆகாம ஓ2-க்குள்ள போச்சு, அடுத்து எந்த பாஸ் அத நம்பி நடந்துதோ அங்க கால் தடுக்கிடுச்சு.

மேப்ப மொத்தமா எடுத்துடுங்க. டாமினேட்டர் ட்ரீ கேட்டு வாங்கி சரிபாத்தும் செய்யலாம், ஆனா அந்த வேலைய செய்யவே எர்லிசிஎஸ்ஈ, ஜிவிஎன்-னு பாஸ் இருக்கு, ஒரே கணக்கு ரெண்டு தடவை இருந்தா அதுங்களே சுருக்கிடும். நம்ம பாஸ் ஒரு வேலைய மட்டும் செஞ்சா போதும்.

என்எஸ்டபிள்யூ கேள்விய கேட்டது நல்லதாச்சு, அங்க கிராஷே வராத ஒரு தப்பு இருக்கு. அந்த ஃப்ளாகோட அர்த்தம் சைன்டு கணக்குல ஓவர்ஃப்ளோ ஆகாது, மீறி ஆச்சுன்னா ரிசல்ட் பாய்சன்னு (நம்பி பயன்படுத்த முடியாத வேல்யூ) வச்சுக்கோங்கிறது. 10-க்கு பிரச்சனை இல்ல, எக்ஸ் 10 அடங்குச்சுன்னா எக்ஸ் 8-ம் எக்ஸ் 2-ம் தானா அடங்கும். 7-அ பாருங்க. 8 பிட் எடுத்துக்கோங்க, எக்ஸ் 18. 18 x 7 = 126, 127-க்குள்ள அடங்கிடுச்சு, ஓவர்ஃப்ளோ இல்ல. ஆனா நீங்க முதல்ல 18 x 8 = 144 கணக்கு பண்றீங்க, அது 127-அ தாண்டிடுச்சு, அந்த ஷிஃப்ட் மேல என்எஸ்டபிள்யூ இருந்தா அது பாய்சன், அதுல இருந்து 18-அ கழிச்சாலும் பாய்சன்தான். ஃப்ளாக் இல்லன்னா 144 சுத்தி வந்து கழிச்ச பிறகு சரியா 126-ல நிக்கும். அதனால கழித்தல் வழியில வர்ற ஷிஃப்ட்டுக்கு ஃப்ளாக் போடாதீங்க. குழப்பமா இருந்தா எல்லாத்துலயும் எடுத்துடுங்க, ஃப்ளாக எடுக்குறது எப்பவும் சேஃப், சேக்குறதுக்குத்தான் நிரூபணம் வேணும். அலைவ்2-ன்னு ஒரு டூல் இருக்கு, மாத்துறதுக்கு முன்னாடி, பின்னாடின்னு ரெண்டு ஐஆர் குடுத்தா சரியா தப்பா சொல்லும், தப்புன்னா எந்த எக்ஸுக்கு உடையுதுன்னு எண்ணோட காட்டும். 7-ஓட ரெண்டு வடிவத்தையும் அதுல போட்டு பாருங்க, ஒரு தடவை பாத்தா மறக்காது.

இன்னொண்ணு, ரன் ஃபங்ஷன்ல எதுவுமே மாறலைன்னா மட்டும் ப்ரிசர்வ்டு அனாலிசிஸ் ஆல்-னு ரிட்டர்ன் பண்ணுங்க. மாத்திட்டு ஆல்-னு சொன்னா அடுத்து வர்ற பாஸ் பழைய தகவல வச்சு முடிவெடுக்கும். நீங்க பிளாக் அமைப்ப மாத்தல, அதனால சிஎஃப்ஜி அனாலிசிஸ் செட்ட மட்டும் காப்பாத்துறதா சொல்லலாம்.

பதில் 2:

மூணாவது கேள்விய யாரும் தொடல, ஆனா உங்களுக்கு முக்கியமானது அதுதான்னு நினைக்குறேன். கிளாங்ல எம்எல்எல்விஎம் வழியா பிரிண்ட் சேஞ்டு ஆப்ஷன் குடுத்து ஓட்டுங்க, எந்த பாஸ் ஐஆர மாத்துச்சோ அதோட பேரும் மாறின ஐஆரும் வரும். உங்க பாஸ் ரெண்டு ஷிஃப்ட் ஒரு கூட்டல்னு பிரிச்சு வச்சதும், கொஞ்சம் கீழ இன்ஸ்ட்கம்பைன்-ங்குற பாஸ் வந்து அந்த மூணையும் சேத்து மறுபடி எக்ஸ் 10-ன்னு ஒரே பெருக்கலா ஆக்குறத கண்ணால பாப்பீங்க. இன்ஸ்ட்கம்பைன் ஒரு ஷிஃப்ட்ட 2-ஓட அடுக்கால பெருக்குறதாவே பாக்கும், எக்ஸ் 8 + எக்ஸ் 2-ன்னா எக்ஸ வெளிய எடுத்து 8-ஐயும் 2-ஐயும் கூட்டிடும்.

இது பக் இல்ல. ஐஆர்ல ஒரே கணக்க பத்து விதமா எழுத முடியும், பின்னாடி வர்ற பாஸ் பத்தையும் அடையாளம் கண்டுட்டு இருக்க முடியாது, அதனால ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நிலையான வடிவத்துக்கு கொண்டுவர்றதுதான் இன்ஸ்ட்கம்பைனோட வேலை. 8-ஆல பெருக்கினா ஷிஃப்ட், 10-ஆல பெருக்கினா பெருக்கல், இதுதான் அந்த வடிவம். எந்த சிப்ல பெருக்கல் விலை அதிகம்ங்குறது ஐஆர் லெவல்ல முடிவு பண்ற விஷயமே இல்ல, அது பேக்எண்டுக்கு (அந்தந்த சிப்புக்கான கோட உருவாக்குற பகுதி) உரியது. உங்க பாஸ பைப்லைன் கடைசில ரெஜிஸ்டர் பண்ணா இப்போதைக்கு தப்பிக்கும், ஆனா எல்டிஓ (லிங்க் நேர ஆப்டிமைஸேஷன்) போட்ட அன்னிக்கு லிங்க் நேரத்துல இன்ஸ்ட்கம்பைன் இன்னொரு தடவை ஓடும், திரும்ப இங்க வந்து நிப்பீங்க.

சரியான இடம் செலக்ஷன்டேக், அதாவது பேக்எண்டுல ஐஆர மெஷின் இன்ஸ்ட்ரக்ஷனா மாத்துற கட்டம். டார்கெட்லோயரிங் கிளாஸ்ல டீகம்போஸ் மல் பை கான்ஸ்டன்ட்-னு ஒரு வர்ச்சுவல் ஃபங்ஷன் இருக்கு, இந்த எண்ண பிரிக்கலாமான்னு டேக் கம்பைனர் அதுகிட்ட கேக்கும், சரின்னா அதுவே ஷிஃப்ட்டும் கூட்டலுமா ஆக்கிடும். ரிஸ்க்-ஃபைவ் பேக்எண்டு இத ஏற்கனவே எழுதிருக்கு, 2-ஓட அடுக்குக்கு ஒண்ணு கூட, ஒண்ணு கம்மின்னு வர்ற 5, 7, 63, 65 மாதிரி எண்ணெல்லாம் பிரிஞ்சிடும். அதனால பாஸ எல்லாம் எடுத்துட்டு முதல்ல எல்எல்சி-ய (ஐஆர அசெம்ப்ளியா மாத்துற டூல்) மட்டும் ரிஸ்க்-ஃபைவ் 32-க்கு ஓட்டி, எந்தெந்த எண்ணுக்கு இன்னும் லைப்ரரி கால் வருதுன்னு ஒரு பட்டியல் எடுங்க. 100-க்கு 64, 32, 4-ன்னு மூணு துண்டு வேணும், அந்த மாதிரி எண்ணுக்கு டார்கெட்டோட சொந்த டேக் கம்பைன்ல மல்லுக்கு (பெருக்கல் ஆபரேஷன்) நீங்களே எழுதணும். எத்தன துண்டு வரைக்கும் பிரிக்கலாம்னு ஒரு வரம்பு வையுங்க, ஓஎஸ் ஆப்ஷன்ல (கோடு சைஸ குறைக்குற லெவல்) கம்பைல் பண்றவருக்கு அஞ்சு இன்ஸ்ட்ரக்ஷனுக்கு ஒரு கால் பரவால்லன்னு இருக்கும்.

பேக்எண்ட பிளகின்ல மாத்த முடியாது, எல்எல்விஎம்மயே பில்டு பண்ணணும்.

கேட்டவர்:

பில்டு பண்ண போய் மாட்டிக்கிட்டேன். டீபக் பில்டு போட்டேன், லிங்க் கட்டத்துல மெமரி முழுசா தீந்து மெஷின் உறைஞ்சிடுச்சு, ரெண்டு தடவை. 16 ஜிபி ரேம்.

பதில் 3:

டீபக் வேணாம், ரிலீஸ் போட்டு எல்எல்விஎம் எனேபிள் அசர்ஷன்ஸ் ஆன் பண்ணுங்க. உங்களுக்கு வேண்டியது அசர்ஷன்தான், முழு டீபக் பில்டு டிஸ்க்லயே 15-20 ஜிபி எடுத்துக்கும். டார்கெட்ஸ் டு பில்டுல ரிஸ்க்விய மட்டும் குடுங்க, இல்லன்னா தேவையே இல்லாத எல்லா பேக்எண்டும் பில்டு ஆகும். உறையுறது ஒரே நேரத்துல பல லிங்க் ஓடுறதால, எல்எல்விஎம் பேரலல் லிங்க் ஜாப்ஸ் 1-ன்னு வையுங்க, இது நிஞ்சா ஜெனரேட்டர்லதான் வேலை செய்யும். லிங்கரா எல்எல்டி போட்டா மெமரியும் நேரமும் நல்லா குறையும். டார்கெட்டா எல்எல்சி, ஆப்ட், ஃபைல்செக் (டெஸ்ட் அவுட்புட்ட சரிபாக்குற டூல்) மூணு மட்டும் கேட்டு பில்டு பண்ணுங்க, எல்லாத்தையும் கட்ட வேணாம்.

கேட்டவர்:

பில்டு முடிஞ்சுது, மெஷின் உறையல. எல்எல்சி ஓட்டி 2-ல இருந்து 128 வரைக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குட்டி ஃபங்ஷன் எழுதி பாத்தேன். நீங்க சொன்ன மாதிரி 7-க்கும் 65-க்கும் ஒரு ஷிஃப்ட், ஒரு கூட்டலோ கழித்தலோ, அவ்வளவுதான், கால் இல்ல. மூணு வாரமா நான் எழுதினதுல பாதி ஏற்கனவே அங்க இருந்திருக்கு, ஆனா அலைவ்2-ல அந்த 18-அ பாத்ததுக்காகவே எழுதினது வீணில்லன்னு தோணுது. என்கிட்ட இருக்குற வெர்ஷன்ல 100 இன்னும் கால்தான். மல்லுக்கு டேக் கம்பைன் எழுத ஆரம்பிச்சுட்டேன், டெஸ்ட் ஃபைல்ல செக் வரிகள (எதிர்பாக்குற அசெம்ப்ளி வரிகள்) கையால எழுதணுமா?

பதில் 2:

கையால எழுதாதீங்க. யூட்டில்ஸ் ஃபோல்டர்ல அப்டேட் எல்எல்சி டெஸ்ட் செக்ஸ்-னு ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் இருக்கு, டெஸ்ட் ஃபைல்ல ஃபங்ஷனும் ரன் வரியும் (டெஸ்ட ஓட்டுற கமாண்ட்) மட்டும் எழுதிட்டு அத ஓட்டினா செக் வரிகள அதுவே நிரப்பிடும். முதல்ல உங்க மாத்தம் இல்லாம ஓட்டி கமிட் பண்ணுங்க, அப்புறம் மாத்தத்தோட ஓட்டி இன்னொரு கமிட். ரிவ்யூ பண்றவருக்கு ரெண்டாவது கமிட்டோட டிஃப்ல எந்த எண்ணுக்கு கால் போச்சுன்னு நேரா தெரியும். எம் எக்ஸ்டென்ஷன் இருக்குற ரன் வரியும் ஒண்ணு சேருங்க, அங்க எதுவும் மாறக்கூடாது.