பேஸ்பால்: மவுண்டில் ஏறினால் மட்டும் பந்து உயரமாக வலப்புறம் விலகுகிறது: எறிமுறையில் எதைத் திருத்துவது?

வெள்ளைப்பந்து (கேள்வி):
வணக்கம். என் மகனுக்கு 13 வயது, உயரம் 160 செ.மீ., பேஸ்பாலில் வலக்கைப் பிட்சர் (மட்டை பிடிக்கும் பேட்டருக்குப் பந்தெறிபவன்). சென்ற பருவம் வரை 46 அடித் தொலைவிலிருந்து எறிந்தவன், இப்போது 60 அடி 6 அங்குலம் என்னும் முழுத் தொலைவுக்கு மாறியிருக்கிறான். சமதளத்தில் பயிற்சி செய்யும்போது கேட்சரின் (பேட்டருக்குப் பின்னே அமர்ந்து பந்தைப் பிடிப்பவரின்) கிளவுக்கு, அதாவது கையுறைக்கு, நேராக எறிபவன், மவுண்டில் (பிட்சர் நின்று எறியும் மண்மேட்டில்) ஏறியவுடன் பெரும்பாலான பந்துகளை உயரமாகவும் தன் வலப்புறமாகவும், வலக்கை பேட்டரின் தலையை ஒட்டிச் செல்லுமாறு எறிகிறான். முழங்கையை உயர்த்த வேண்டும், பந்தைத் தாமதமாக விட வேண்டும் என்பதே பயிற்சியாளர் கூறும் திருத்தம். அவ்வாறு முயன்றால் சில பந்துகள் தரையில் மோதுகின்றன. பிறகு பழைய நிலையே திரும்புகிறது. ஆட்டத்திற்கு மறுநாள் முழங்கையின் உட்புறம் இலேசாக வலிப்பதாகவும் சொல்கிறான். கையசைவில் எதை மாற்றினால் இது சரியாகும்?

பழைய கேட்சர்:
எறிமுறைக்கு முன் அந்த வலியைக் கவனியுங்கள். இவ்வயதில் முழங்கையின் உட்புற எலும்பு முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி) பெரும்பாலும் மூடியிருக்காது. வளர்ந்த பிட்சர்களுக்கு மூட்டின் உட்புறத்தில் எலும்புகளை இணைக்கும் நார் கிழிவதைப் பற்றித்தான் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். சிறுவர்களுக்கு அந்த நாரை விட இந்தத் தட்டே பலவீனமானது என்பதால், இலேசான வலியையும் புறக்கணிக்கக் கூடாது. எறிவதை நிறுத்திவிட்டு எலும்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓர் ஆட்டத்தில் எத்தனை பந்துகள் எறிகிறான், அடுத்ததற்கு முன் எத்தனை நாள் ஓய்வு, மற்ற நேரத்தில் எந்த இடத்தில் ஆடுகிறான் என்பதையும் எழுதுங்கள். முன்பு ஸ்லோ மோஷனில் எடுத்த காணொளி இருந்தால், முன்பாதம் (பேட்டரை நோக்கி எடுத்து வைக்கும் இடப்பாதம்) தரையைத் தொடும் கணத்தில் நிறுத்திப் பாருங்கள். பந்து கையை விட்டு நீங்கும் கணத்தை இப்போதைக்குப் பார்க்க வேண்டியதில்லை.

வெள்ளைப்பந்து:
நன்றி ஐயா. மருத்துவரிடம் நேரம் பெற்றுவிட்டோம். ஓர் ஆட்டத்தில் 70 முதல் 80 பந்துகள், பிறகு மூன்று நாள் ஓய்வு. அணியில் ஆள் குறைவு என்பதால், எறிந்து முடித்த ஆட்டத்திலேயே சில நேரம் கேட்சராகவும் நிற்கிறான். காணொளியில், மவுண்டில் எறியும்போது முன்பாதம் முதல் பேஸ் பக்கமாக, அதாவது அவனுடைய இடப்புறமாக, ஒரு சாண் விலகி விழுகிறது. பாதம் ஊன்றும்போதே மார்பு பேட்டரை நோக்கித் திரும்பிவிட்டது, பந்துள்ள கை இன்னும் தோளுக்குக் கீழே இருக்கிறது, கிளவ் இடுப்புக்குப் பின்னே போய்விட்டது. சமதளத்தில் அதே கணத்தில் மார்பு மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது பேட்டருக்கு நேராக அல்லாமல் மவுண்டின் வலப்புறம், பார்க்கிறது. கையும் தோளுயரத்தில் இருக்கிறது.

அசைவியல் மாணவி:
இந்த இரண்டு காட்சிகளிலேயே விடை இருக்கிறது. முன்பாதம் ஊன்றியதிலிருந்து பந்து கையை விட்டு நீங்குவதற்கு ஏறத்தாழ 0.15 வினாடிதான் ஆகிறது. அதற்குள் எப்போது விடுவது என்று யோசித்துக் கையை நடத்த யாராலும் இயலாது. எனவே பாதம் ஊன்றும் கணத்தில் உடல் எந்நிலையில் இருக்கிறதோ, அதுவே பந்தின் போக்கைப் பெரிதும் தீர்மானிக்கிறது. நல்ல எறிமுறையில் அக்கணத்தில் இடுப்பு பேட்டரை நோக்கித் திரும்பத் தொடங்கியிருக்கும், தோள்களோ இன்னும் பக்கவாட்டில் நிற்கும். வேகத்தில் கணிசமான பகுதி இந்த முறுக்கிலிருந்து பிறக்கிறது. உங்கள் மகனின் தோள்கள் பாதம் ஊன்றுமுன்பே திரும்பிவிடுவதால் கை பின்தங்குகிறது, பந்தும் முன்னே வந்து சேருமுன் விடுபட்டு, உயரமாக வலப்புறம் செல்கிறது. முழங்கையின் உட்புறத்தில் இழுவிசை கூடுவதற்கும் இது காரணமாகலாம்.

சமதளத்தில் இது நிகழாததற்குக் காரணம் மவுண்டின் சரிவு. பிட்சர் காலூன்றி எறியும் ரப்பர் பட்டை, ஹோம் பிளேட்டை (பேட்டர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்த தட்டை) விட 10 அங்குலம் உயரத்தில் இருக்கிறது. பட்டைக்கு 6 அங்குலம் முன்னாலிருந்து, ஓரடித் தொலைவுக்கு ஓர் அங்குலம் வீதம் தரை சரிகிறது. அவன் தன் உயரத்தில் 85 விழுக்காடு அளவுக்கு அடி எடுத்து வைத்தால், பாதம் இறங்கும் இடம் பட்டையை விட ஏறத்தாழ 4 அங்குலம் தாழ்ந்திருக்கும். சமதளத்தில் பழகிய உடல் பழகிய நேரத்தில் தோளைத் திருப்பிவிடுகிறது, பாதமோ இன்னும் காற்றில் இருக்கிறது. தொலைவு கூடியதால் வலிந்து எறிய முற்படுவதும் இதை மோசமாக்கும்.

முழங்கையை உயர்த்தச் சொல்வதை நான் ஏற்கவில்லை. மேலிருந்து எறிபவருக்கும் பக்கவாட்டில் எறிபவருக்கும் முழங்கை, இரு தோள்களையும் இணைக்கும் கோட்டை ஒட்டியே இருக்கும்; வேறுபடுவது உடல் சாயும் அளவுதான்.

நீள்நடை:
எடுத்து வைக்கும் அடியை இன்னும் நீட்டினால் தோள் திரும்ப நேரம் கிடைக்குமே? அமெரிக்கப் பிட்சர் டிம் லின்சிகம் தன் உயரத்தை விஞ்சும் அடி எடுத்து வைத்துத்தான் 2008, 2009 ஆகிய இரு ஆண்டுகளிலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார்.

பழைய கேட்சர்:
அவருடைய இடுப்பின் நெகிழ்வும் கால் வலுவும் அந்த அடியைத் தாங்கின. 13 வயதுப் பையன் அதைப் பின்பற்றினால், முன்முழங்கால் மடிந்து சரியும். முன்கால் ஊன்றியபின் உறுதியாக நின்று நிமிர்ந்தால்தான் கீழிருந்து வந்த விசை உடலுக்கும் கைக்கும் ஏறும். இந்தப் பையனுக்கு அடியைச் சற்றுக் குறைப்பதே நல்லது என்பது என் கருத்து.

வெள்ளைப்பந்து:
மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். எலும்பு முறிவு இல்லை, வளர்ச்சித் தட்டில் எரிச்சல் இருக்கிறது, ஆறு வாரம் எறியக் கூடாது என்றார். அதுவரை பந்துக்குப் பதிலாகத் துண்டைப் பிடித்து வீசும் பயிற்சியைச் செய்யலாமா?

அசைவியல் மாணவி:
வேண்டாம். கையில் துண்டு இருந்தாலும் தோளும் முழங்கையும் வேகமாகத்தான் சுழல்கின்றன. மருத்துவர் அனுமதிக்கும் வரை அதையும் தள்ளி வையுங்கள். மருத்துவர் தடை சொல்லாவிட்டால், இப்போதைக்குக் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, மவுண்டின் சரிவில் மெதுவாக அடி எடுத்து வைத்து, பாதம் முழுவதும் ஊன்றிய பின்பே தோளைத் திருப்பட்டும். பின்பாதத்திலிருந்து ஹோம் பிளேட்டை நோக்கித் தரையில் ஒரு கோடு கிழித்தால், முன்பாதம் முதல் பேஸ் பக்கம் விலகுவது அவனுக்கே தெரியும். மீண்டும் எறியத் தொடங்கும்போது கிளவைப் பின்னே வீசாமல் மார்புக்கு முன் நிறுத்தப் பழக்குங்கள். முன்தோள் சீக்கிரம் திரும்பிவிடுவதை அது ஓரளவு தடுக்கும்.

பழைய கேட்சர்:
ஓய்வு பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்க பேஸ்பால் அமைப்புகளான மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் இளம் பிட்சர்களுக்காக வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் நெறிகளின்படி, 13, 14 வயதினர் ஒரு நாளில் எறியக்கூடிய உச்ச அளவு 95 பந்துகள். 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு வேண்டும். உங்கள் மகனுக்கு மூன்று நாள்தான் கிடைத்திருக்கிறது. ஒரே ஆட்டத்தில் பிட்சராகவும் கேட்சராகவும் ஆடுவதையும் அந்நெறிகள் தவிர்க்கச் சொல்கின்றன, ஏனெனில் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறார். ஆறு வாரம் கழிந்ததும் நேராக மவுண்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். குறைந்த தொலைவில், சமதளத்தில், பாதி விசையுடன் தொடங்கி, வலி இல்லையென்றால் மட்டுமே தொலைவைக் கூட்டுங்கள்.