அக்காளைக் கொல்லும் தம்பி வேடம்: ஏற்றுக்கொண்டால் பின்னால் வாய்ப்புகள் அடைபடுமா?

அம்பை அண்ணன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 24 வயது. பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்த காலத்தில் மேடை நாடகங்களிலும், பிறகு நண்பர்கள் எடுத்த மூன்று குறும்படங்களிலும் நடித்தவன். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் எடுக்கப்படவிருக்கும் ஒரு படத்தில் இப்போது அவனுக்கு வேடம் கிடைத்திருக்கிறது. வேற்றுச் சாதிப் பையனை மணந்துகொண்ட சொந்த அக்காளை, அப்பாவும் சித்தப்பாவும் தூண்டிவிட, அரிவாளால் வெட்டிக் கொல்லும் தம்பியின் வேடம் அது. ஏழு காட்சிகள்தாம் என்றாலும் கதை அவனை வைத்துத்தான் திரும்புகிறது என்று இயக்குநர் சொல்கிறார்.

அம்மா இரண்டு நாளாக அவனிடம் பேசவில்லை. கூடப்பிறந்தவளை வெட்டினவன் என்று முதல் படத்திலேயே பெயர் விழுந்துவிட்டால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பது அவர்களுடைய கவலை. என் கவலை அவனுடைய பிழைப்பைப் பற்றியது. இப்படிப்பட்ட வேடத்தால் ஒரு நடிகரின் அடுத்தடுத்த வாய்ப்புகள் உண்மையிலேயே கெடுகின்றனவா? ஆறுதல் வேண்டாம், நடந்தவற்றைச் சொல்லுங்கள்.

ரத வீதிக்காரர் எழுதியது:

தம்பி, ரத்னாவிலும் பார்வதியிலும் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து படம் பார்த்து வளர்ந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன். எங்கள் காலத்தில் நம்பியார் திரையில் தோன்றினாலே பெண்கள் கை நொடித்துச் சபிப்பார்கள். அதே நம்பியார் சபரிமலைக்குக் குருசாமியாக ஆண்டுதோறும் கூட்டம் அழைத்துச் சென்றவர் என்பதும் அந்தப் பெண்களுக்குத் தெரியும். சத்யராஜ் 1984இல் 'நூறாவது நாள்' படத்தில் மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக வந்து பயமுறுத்தினார். இரண்டே ஆண்டுகளில், 1986இல், பாரதிராஜா அவரைக் 'கடலோரக் கவிதைகள்' படத்துக்குக் கதாநாயகனாக்கினார். ரம்யா கிருஷ்ணன் 1999இல் 'படையப்பா' படத்தில் நீலாம்பரியாக ரஜினிகாந்தையே எதிர்த்து நின்றார். அடுத்த ஆண்டு அவரை அம்மன் வேடத்தில் வைத்துப் படமெடுத்தபோது நம் ஊர்ச் சனங்கள் தட்டாமல் கும்பிட்டார்கள்.

ஆனால் இவற்றைச் சொல்லி உங்கள் தம்பியைத் தைரியப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. நம்பியாருக்கும் சத்யராஜுக்கும் மாதத்துக்கொரு படம் என்கிற கணக்கில் வேலை வந்துகொண்டிருந்ததால், ஒரு படத்தில் கொலைகாரனாகப் பார்த்த முகத்தை அடுத்த படத்தில் வேறொருவனாகப் பார்த்து ரசிகர்கள் பழகிக்கொண்டார்கள். புதுமுகத்துக்கு அந்த வசதி கிடையாது. அடுத்த படம் வர இரண்டு ஆண்டு ஆகலாம். அதுவரை அந்த வெட்டுக் காட்சி மட்டும் கைபேசிகளில் ஓடிக்கொண்டிருக்கும். வேடத்தைவிட அதற்குப் பின்னால் வரும் இடைவெளிக்குத்தான் நான் பயப்படுவேன்.

பாளை வாசகி எழுதியது:

இடைவெளியைப் பற்றி ரத வீதி அண்ணாச்சி சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வில்லன் வேடத்தையும் சர்ச்சைக்குரிய வேடத்தையும் ஒரே பையில் போட்டுவிட்டார். நீலாம்பரி யாருடைய வீட்டையும் சுட்டிக்காட்டுவதில்லை. பார்ப்பவர் 'இது எங்களைச் சொல்கிறது' என்று நெளியும் வேடம்தான் நடிப்பவரைத் தொடர்ந்து வரும். 1973இல் கே. பாலசந்தரின் 'அரங்கேற்றம்' படத்தில், வறிய பிராமணக் குடும்பத்தின் மூத்த மகள் தம்பி தங்கைகளுக்காக உடலை விற்கும் நிலைக்கு வருவாள். படம் பெரிய சலசலப்பை உண்டாக்கியது. அந்த மகளாக நடித்த பிரமீளாவுக்குப் பிறகு பெரும்பாலும் அதே சாயலில் கவர்ச்சி வேடங்களே வந்தன. அதே படத்தில் சிறு வேடத்தில் நடித்த கமல்ஹாசன் 1978இல் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில் பெண்களைக் கொல்பவனாகவே நடித்தும் அவருடைய வளர்ச்சிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. பெண் செய்தால் அது அவளுடைய குணம், ஆண் செய்தால் அது அவனுடைய திறமை என்று பிரித்துப் பார்த்தே நாம் பழகியிருக்கிறோம்.

இடைவெளிக்கு இன்னொரு சாட்சி அமலா பால். 2010இல் 'சிந்து சமவெளி' படத்தில் மாமனாரோடு உறவுகொள்ளும் மருமகளாக நடித்ததற்காக வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. அதே ஆண்டிலேயே 'மைனா' வந்து, மலைக்கிராமத்துப் பெண்ணாக எல்லோரும் அவரை ஏற்றுக்கொண்டார்கள். அந்தப் படம் இரண்டு வருடம் தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

உங்கள் அம்மாவின் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. அவன் ஆண், பெண் கிடைத்துவிடும். அவனோடு அந்த அக்காளாக நடிக்கப்போகும் பெண்ணைப் பற்றி இந்த ஊர் என்ன பேசும் என்று யாரும் கேட்கவில்லையே!

வழிப்போக்கன் எழுதியது:

ஒரு சின்ன எச்சரிக்கை மட்டும். இலங்கைக் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனின் வாழ்க்கைப் படமான '800' இல் நடிக்க ஒப்புக்கொண்ட விஜய் சேதுபதி, எதிர்ப்பு வலுத்து முரளிதரனே கேட்டுக்கொண்ட பிறகு 2020இல் விலகினார். அதனால் அவருக்கு வேலை குறையவில்லை. புதுமுகம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் பின்வாங்கினால் அந்தப் பெயர்தான் முதலில் பரவும். மறுப்பதாக இருந்தால் இப்போதே மறுத்துவிடுங்கள்.

மகுடத்தார் வீடு எழுதியது:

சேரன்மகாதேவிப் பக்கம், கணியான் கூத்து ஆடும் குடும்பத்தில் பிறந்தவன் நான். சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் அண்ணாவி கதையைப் பாட, மகுடம் என்னும் பறை முழங்க, என் மாமா சேலை கட்டி, சலங்கை பூட்டி விடிய விடிய ஆடுவார். சாமி வரும் நேரத்தில் ஊரே அவர் முன்னால் கைகட்டி நிற்கும். விடிந்து, அரிதாரத்தைக் கழுவிவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போனால், ராத்திரி கும்பிட்ட அதே ஆட்கள் இடுப்பை நெளித்துக் காட்டிக் கேலி செய்வார்கள். வேடம் ஆளை விட்டு இறங்காமல் ஒட்டிக்கொள்வது சினிமா வந்த பிறகு தோன்றிய சங்கதி அல்ல.

'பரியேறும் பெருமாள்' படத்தில் பரியனின் அப்பாவாக நடித்த தங்கராசு, நம்முடைய தெருக்கூத்துக் கலைஞர். பெண் வேடம் கட்டியதற்காக வேட்டியை உருவி விரட்டப்படும் அந்தக் காட்சியில் அவர் ஓடிய ஓட்டம் இன்றைக்கும் என் நெஞ்சை அடைக்கிறது. 2018இல் படம் வந்தது. 2023இல் அவர் காலமானார். அந்தப் படத்தில் கொலைகாரக் கிழவராக வந்த கராத்தே வெங்கடேசனின் பெயரைச் சொன்னால் தெரியாதவர்களும் 'அந்தக் கிழவர்' என்றால் உடனே முகத்தைச் சுளிப்பார்கள். 'கர்ணன்' 2021இல் வந்தபோது, காவல் அதிகாரி கண்ணபிரானாக நடித்த ஒளிப்பதிவாளர் நட்டி, என்னைத் திட்டாதீர்கள், நான் நடித்துத்தான் இருக்கிறேன் என்று பகிரங்கமாகவே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் திட்டு அவரைக் கெடுக்கவில்லை. 'மகாராஜா'வில் மறுபடியும் காவல் அதிகாரியாக வந்து பாராட்டு வாங்கினார்.

அம்பை அண்ணாச்சி, திட்டு வாங்குவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கைதட்டலைப் பற்றிக் கவலைப்படுங்கள். 2023இல் 'மாமன்னன்' படத்தில் ஃபகத் ஃபாசில் நடித்த ரத்னவேலு ஒரு சாதிவெறியன். படம் இணையத்தில் வெளியானதும் அந்த வேடத்தின் காட்சிகளை வெட்டியெடுத்துச் சாதிப் பெருமைப் பாட்டுகளோடு ஒட்டிக் கொண்டாடினார்கள். ஃபகத் வேறு மாநிலத்துக்காரர், பெரிய நடிகர். அந்தக் கொண்டாட்டத்திலிருந்து விலகி நிற்க அவரால் முடிந்தது. உங்கள் தம்பி இதே மண்ணில் பிறந்தவன். படம் வந்த மறுநாளே 'இவன் எந்த ஆள்' என்று விசாரிப்பார்கள். நம்ம ஆள் என்று ஒரு கூட்டம் தோளில் தூக்கிக்கொண்டால், அதற்குப் பிறகு அவனைத் தேடி வருகிற ஒவ்வோர் இயக்குநரும் கையில் ஒரு அரிவாளோடுதான் வருவார்.

அதனால் முழுக் கதையையும் வாங்கிப் படிக்கச் சொல்லுங்கள். வெட்டிய பிறகு அவன் என்ன ஆகிறான் என்று எழுதப்பட்டிருக்கிறதா? கொலைக்குப் பிறகு ஒரு காட்சிகூட இல்லையென்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

அம்பை அண்ணன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மகுடத்தார் அண்ணாச்சி சொன்னபடி தம்பி கதையைக் கேட்டு வாங்கிப் படித்தான். கொலைக்குப் பிறகு இரண்டு காட்சிகள் இருக்கின்றன. ஒன்றில் அவன் அக்காள் கையால் சாப்பிட்ட கும்பாவில் சோறு வைத்தும் சாப்பிட முடியாமல் எழுந்து போகிறான். படம் நீளமானால் இந்தக் காட்சியைத்தான் முதலில் வெட்டுவார்கள் என்று உதவி இயக்குநர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதை வெட்டமாட்டேன் என்று இயக்குநர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பித் தம்பி ஒப்புக்கொண்டுவிட்டான். எனக்கு முழு நம்பிக்கை இல்லை.

பாளை அக்கா கேட்டதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அந்தப் பெண் யார் வீட்டுப் பிள்ளை, படப்பிடிப்பின்போது எங்கே தங்குவாள் என்று விசாரித்தார்கள். கல்லிடைக்குறிச்சியில்தான் படப்பிடிப்பு என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரையும் நம் வீட்டுக்கே அழைத்து வா என்று தம்பியிடம் சொன்னார்கள். இரண்டு நாளைக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.