பொதிகை மலைச் செருப்பு ஆர்க்கிட் விற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?

மாடித்தோட்டம்_மதுரை:
ஒரு வாட்ஸ்அப் குழுவில் ட்ரூரி ஆர்க்கிட் (பாஃபியோபெடிலம் ட்ரூரியை) விற்கிறார்கள். மஞ்சள் பூ, இதழ் நடுவில் கரும்பழுப்புக் கோடு, கீழே செருப்பு மாதிரி ஒரு பை. அழிந்துகொண்டிருக்கும் செடி என்கிறார்கள், யாரோ வாங்கிக் கெடுப்பதற்குப் பதில் நான் வாங்கி நன்றாக வளர்த்தால் காப்பாற்றியதாகத்தானே ஆகும்? ஷேட் நெட் எல்லாம் இருக்கிறது.

மலைப்புல்:
வேண்டாம் சார். இது அகத்தியமலை, அதாவது பொதிகை மலைப் பக்கம் மட்டும் இருக்கிற செடி, ஏறக்குறைய 1,400 மீட்டருக்கு மேலே, பாறை இடுக்கிலும் புல்சரிவிலும். மதுரை வெயிலில் உங்கள் ஷேட் நெட் என்ன செய்யும்? போன வருஷம் நான் அகத்தியர்கூடம் ஏறினேன், வழியெல்லாம் கண்ணை நட்டுக்கொண்டு போயும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. 1865-இல் கர்னல் ட்ரூரி கண்டெடுத்தது, அப்புறம் காட்டில் வெகுகாலம் யார் கண்ணிலும் படாமல் 1972-இல்தான் மறுபடி கிடைத்தது. கிடைத்த செய்தி பரவியதும் சேகரிப்பவர்கள் போய்த் தோண்டித் தோண்டியே இந்த நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களும் ஆசையாக வளர்க்கத்தான் எடுத்தார்கள்!

ஆர்க்கிட்_பைத்தியம்:
சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் செருப்பு ஆர்க்கிட் வகை மொத்தமும் வருகிறது, உரிமம் இல்லாமல் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். அழியும் உயிரினங்களை நாடுவிட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும் இருக்கிறது. ஆய்வகத்தில் வளர்க்க முடியாதா என்றால், முடியும், கேரளாவில் பாலோடு தாவரவியல் தோட்டத்தில் வளர்த்துக் காட்டிலேயே திரும்ப நட்டும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஆர்க்கிட் விதை தூசி மாதிரி, உள்ளே உணவுச் சேமிப்பே கிடையாது, காட்டில் மண்ணிலுள்ள பூஞ்சை கூடவே இருந்தால்தான் முளைக்கும். பூக்கும் அளவுக்கு வர வருஷக்கணக்கில் ஆகும். அதனால்தான் பெரிய செடி சல்லிசாக வந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். விற்பவர் போட்ட படத்தில் வேரைப் பாருங்கள். ஆய்வகச் செடி என்றால் இலையெல்லாம் ஒரே அளவில் பளிச்சென்று இருக்கும். காட்டிலிருந்து பிடுங்கியது என்றால் பழைய இலையில் பூச்சி கடித்த ஓட்டை, தரையடித் தண்டில் வெட்டிய காயம் இருக்கும்.

மாடித்தோட்டம்_மதுரை:
பெரிதாக்கிப் பார்த்தேன். தண்டு ஒரு விரல் நீளத்துக்கு ஓடி, முனையில் கத்தி பட்ட மாதிரி வெள்ளையாக இருக்கிறது, வேரோடு காய்ந்த புல்லும் வந்திருக்கிறது. எந்த ஆய்வகம் என்று கேட்டேன், பதில் இல்லை, பிளாக் செய்துவிட்டார்.

மலைப்புல்:
ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா? அதை அப்படியே வனத்துறைக்கு அனுப்புங்கள்.