பாட்டில் வெச்சிருந்தா சீட் நிரம்பிருச்சுன்னு அர்த்தமா?

மேன்ஷன்வாசி: நேத்து ஒருத்தர் "இப்பல்லாம் லைப்ரரிக்கு எவன் வரான், எல்லாம் போன்லயே முடிஞ்சுது, பெரிய யூனிவர்சிட்டி லைப்ரரிங்கறது ஏசி போட்ட குடோன்"னு எழுதிட்டுப் போயிட்டார். படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. நான் படிக்கிற யூனிவர்சிட்டி லைப்ரரில (பேரு வேணாம், கார்டைப் புடுங்கிருவாங்க) காலைல எட்டுக்கு கேட் திறந்தா எட்டேகாலுக்கு ரீடிங் ஹால்ல ஒரு சேர் கிடையாது. திருவல்லிக்கேணி மேன்ஷன்ல எட்டுக்கு எட்டு ரூம்ல மூணு பேரு, மே மாசம் ஃபேன் அனலை அள்ளிக் கொட்டும், அங்க உக்காந்து படிச்சுப் பாத்துட்டு அப்புறம் குடோன்னு சொல்லுங்க.

பிடிஎஃப் பாண்டியன்: அந்த ஒருத்தர் நான்தான், பேரு சொல்லியே திட்டலாம். நிரம்பினது ஆளா பாட்டிலா? போன வாரம் நானும் அங்கதான் வந்தேன். நாலு சேர் டேபிள், ஆள் ஒண்ணு, மீதி மூணு சேருக்கு முன்னாடியும் வாட்டர் பாட்டில். பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போடற புத்தி லைப்ரரிக்குள்ளயும் வந்தாச்சு. மூணு பாட்டில். எண்ணிட்டுதான் வந்தேன்.

மேன்ஷன்வாசி: ஜன்னலோரம் ரெண்டாவது டேபிளா? அது எங்க டேபிள். ரெண்டு பாட்டில்தான். அதுவும் ரூம்மேட்ஸ் ரெண்டு பேரும் டீ குடிக்கப் போயிருந்தானுங்க.

பாண்டியன்: ஆக துண்டு போட்டது நீங்கதான்னு ஒத்துக்கிட்டாச்சு. மூணு.

ரிட்டயர்டு ரேக்: தம்பிகளா, முப்பத்தோரு வருஷம் லைப்ரரில குப்பை கொட்டினவன் சொல்றேன், ரெண்டா மூணாங்கறது கேள்வியே இல்ல, பாட்டில் எப்படி உள்ள வந்துச்சு? எங்க காலத்துல பையோட சேத்து ப்ராப்பர்ட்டி கவுன்ட்டர்லயே வெச்சிட்டு டோக்கன் வாங்கணும். ஒரு பாட்டில் கவுந்தா என்ன ஆகும் தெரியுமா, பளபளப்புத் தாள் புஸ்தகம்னா பக்கம் பக்கமா ஒட்டிக்கும், பிரிச்சா கிழியும், அப்புறம் பைண்டிங் செக்ஷனுக்குப் போனா ஆறு மாசம். மெட்ராஸ்ல ஏற்கனவே காத்துலயே உப்பும் ஈரமும், அது போதாதுன்னு ராமபாணப் பூச்சி பைண்டிங் பசையைத் தின்னுட்டு நடுவுல நூலாம்படை மாதிரி ஓட்டை போட்டு வெச்சிருக்கும், கீழ் ரேக்ல கரையான் வேற. இதுக்கு நடுவுல நீங்க தண்ணி கொண்டு வரீங்க.

பாண்டியன்: அதைத்தான் சார் குடோன்னு சொன்னேன். பூச்சிக்கு சாப்பாடு போடற குடோன்.

ரிட்டயர்டு ரேக்: வாயை அடக்கிப் பேசுப்பா. சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1924ல மெட்ராஸ் யூனிவர்சிட்டிக்கு லைப்ரரியனா வந்தப்போ அவருக்கே அந்த வேலை பிடிக்கல, பிரசிடென்சி காலேஜ்ல கணக்கு வாத்தியாரா இருந்தவரு, திரும்பப் போயிடறேன்னு நின்னாரு. லண்டன் போய் அங்க இருக்கற லைப்ரரிகளைப் பாத்துட்டு வந்த அப்புறம்தான் மனசு மாறிச்சு. அங்க ஒரு பொம்மைக் கடைல துண்டு துண்டா சேத்து மாட்டற மெக்கானோ செட்டைப் பாத்துதான், புஸ்தகத்தைப் பொருள்வாரியா பிரிக்கற அவரோட கோலன் வகைப்பாட்டுக்கே யோசனை வந்துச்சு. 1931ல லைப்ரரிக்குன்னு அஞ்சு விதி எழுதினாரு. முதல் விதியே புஸ்தகம் பயன்படுத்தறதுக்குன்னுதான். குடோன்ல பூட்டி வைக்கறதுக்கு இல்ல.

மேன்ஷன்வாசி: கரெக்ட் சார். மூணாவது விதி வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்து. சீட்டைத் தேடி அலையாம பாட்டில் வெச்சா அது நேரம் மிச்சம்தானே.

ரிட்டயர்டு ரேக்: அது நாலாவது விதி. மூணாவது, ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் அதோட வாசகர். ஆகஸ்ட் 12 நூலகர் தினம் ஆனா ரங்கநாதன் படத்துக்கு மாலை போட்டு செல்ஃபி எடுக்கறீங்க, அஞ்சு விதி வரிசையாத் தெரியல.

மேன்ஷன்வாசி: விதி எல்லாம் நல்லாத்தான் தெரியுது சார், நீங்க போன வருஷம் இதே இடத்துல "ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்கும், தாராளமாப் போ"ன்னு சொல்லி நான் மழைல நனைஞ்சுகிட்டு போய் பூட்டைப் பாத்துட்டு வந்தது மட்டும் உங்களுக்கு மறந்து போச்சு.

ரிட்டயர்டு ரேக்: நான் இருந்தப்போ திறந்திருந்துச்சு. இப்போ ஆள் இல்ல. ரிட்டயர் ஆனவன் இடத்துல புது ஆளே போடறதில்ல, ஷிஃப்ட் போட ஆள் வேணாமா? அதை என் தலைல கட்டாத.

ஆய்வு அக்கா: எல்லாரும் பாட்டில்லயே மூழ்கிட்டீங்க. பாண்டியன் தம்பி, போன்லயே முடிஞ்சுதுன்னு சொல்றீங்களே, ஒரு ஜர்னல் கட்டுரை வெளிய வாங்கணும்னா ரெண்டாயிரம் மூவாயிரம்னு கேக்கறான். நீங்க ஹாஸ்டல் வைஃபைல சும்மா டவுன்லோட் பண்றீங்கன்னா அதுக்குப் பின்னாடி எவனோ சந்தா கட்டறான்னு அர்த்தம். 2025 ஜனவரிலேர்ந்து மத்திய அரசோட ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் வந்திருக்கு, 30 பதிப்பகம், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், மூணு வருஷத்துக்கு 6,000 கோடி. அரசு நிறுவனங்களுக்குத்தான் அது, தனியார் காலேஜ்ல இருக்கற என் தங்கச்சி இன்னும் என்கிட்டதான் "அக்கா இத மட்டும் எடுத்து அனுப்பு"ன்னு கேக்கறா. அப்புறம் இன்னொண்ணு, நான் தேடின 1970க்கு முந்தின தமிழ் ஆய்வேடு எந்த போன்ல கிடைக்குதுன்னு காட்டுங்க. ஆய்வேடுகளை நெட்ல போட்டு வைக்கற சோத்கங்கா தளத்துல தேடிப் பாத்துட்டுதான் பேசறேன். நான் நாலு நாள் ஸ்டாக் ரூம்ல தும்மிகிட்டே தேடி எடுத்தேன்.

பாண்டியன்: நாலு நாள் ஆச்சுன்னு நீங்களே சொல்றீங்க பாருங்க அக்கா. ஓபேக்ல, அதான் லைப்ரரியோட கம்ப்யூட்டர் கேட்டலாக்ல, "அவைலபிள்"னு பச்சை எழுத்துல காட்டும், ரேக்ல போய் பாத்தா காத்துதான் இருக்கும்.

ரிட்டயர்டு ரேக்: அது ஏன்னு நான் சொல்றேன். படிச்ச புஸ்தகத்தை டேபிள்லயே வெச்சிட்டுப் போங்கன்னு போர்டு எழுதி வெச்சா எவனும் கேக்கறதில்ல, கைக்கு வந்த ரேக்ல சொருகிட்டுப் போறான். ரேக் மாறின புஸ்தகம் தொலைஞ்ச புஸ்தகம். அடுத்த ஸ்டாக் வெரிஃபிகேஷன் வரைக்கும் அது வெளிய வராது. வேணும்னே பண்றவனும் உண்டு, பரீட்சை நேரத்துல ஒரே ஒரு காப்பி இருக்கற பொருளாதாரப் புஸ்தகத்தை விலங்கியல் ரேக்ல ஒளிச்சு வெச்சிட்டுப் போன மகானை நான் கையும் களவுமாப் பிடிச்சிருக்கேன். இன்னிக்கு அவர் பெரிய பதவில இருக்காரு, பேரு வேணாம்.

மேன்ஷன்வாசி: அதுக்கு எங்க பாட்டிலே தேவலாம் சார், வெளிப்படையா வெச்சோம்.

பாண்டியன்: மூணு.

ஆய்வு அக்கா: உண்மையச் சொன்னா, ரீடிங் ஹால்ல இருக்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேரு லைப்ரரி புக் ஒண்ணுகூடத் தொடறதில்ல. குரூப் டூ கைடு, சொந்த நோட்ஸ், அவ்வளவுதான். ஆய்வுக்கு ரெஃபரன்ஸ் பாக்க வந்தவளுக்கு சீட் இல்ல.

மேன்ஷன்வாசி: வந்துட்டாங்கய்யா. கைடு படிக்கறவன்லாம் வாசகன் இல்லையா? எங்க அப்பா கட்டற வரிலதான் அந்த ஏசியும் ஓடுது. பிஎச்டி பண்ணா கொம்பு முளைச்சிருமா?

ஆய்வு அக்கா: கொம்பு இல்லப்பா, உக்கார ஒரு சேர் போதும்.

கோட்டூர்புரம் ரசிகன்: எதுக்கு இந்த சண்டை, பறக்கும் ரயில்ல சேப்பாக்கத்துல ஏறி கோட்டூர்புரத்துல இறங்குங்க. அண்ணா நூற்றாண்டு நூலகம், 2010ல திறந்தது, சொந்த புக் எடுத்துட்டுப் போய் படிக்கறதுக்குன்னே தனிப் பிரிவு. பழைய ஓலைச்சுவடி நூலகத்தையும் இப்போ அங்கதான் வெச்சிருக்காங்க. இந்த யூனிவர்சிட்டி லைப்ரரி எல்லாம் இனி வேஸ்ட்.

ரிட்டயர்டு ரேக்: அது பொது நூலகம்யா. இங்க பேசறது யூனிவர்சிட்டி லைப்ரரி பத்தி. அதுக்கு ஆராய்ச்சி, சிலபஸ், பைண்ட் பண்ணின பழைய ஜர்னல்னு வேற கணக்கு. பொது நூலகம் பேசணும்னா எழும்பூர் கன்னிமாரா நூலகத்தைப் பேசு, 1896லேர்ந்து நிக்குது, இந்தியால அச்சாகற புஸ்தகம் எல்லாம் 1954 சட்டப்படி அங்க ஒரு காப்பி போகணும்.

கோட்டூர்புரம் ரசிகன்: எல்லாம் லைப்ரரிதானே சார். எங்க ஏசி நல்லா இருக்கும், அதான் மேட்டர்.

ரிட்டயர்டு ரேக்: ஏசி, ஏசி, ஏசி. கன்னிமாரா பழைய ஹாலோட கூரைல இருக்கற கண்ணாடி வேலைப்பாட்டை ஒரு தடவை அண்ணாந்து பாத்திருக்கியா நீ?

கோட்டூர்புரம் ரசிகன்: கழுத்து வலிக்கும் சார்.

ரிட்டயர்டு ரேக்: இந்த திமிருக்குத்தான் 2011ல அரசாங்கம் உங்க கோட்டூர்புரம் கட்டடத்தையே குழந்தைகள் ஆஸ்பத்திரி ஆக்கறேன்னு கிளம்பினப்போ நான் உள்ளூர சிரிச்சேன்.

ஆய்வு அக்கா: ஐயா, இதை நீங்க சொல்றீங்களா? லைப்ரரில முப்பத்தோரு வருஷம் வேலை பாத்த நீங்க? கோர்ட்டு வரைக்கும் போய்த்தான் அதைக் காப்பாத்தினாங்க.

ரிட்டயர்டு ரேக்: கோவத்துல சொன்னேன். வாபஸ் வாங்க மாட்டேன். ஆனா கோவத்துல சொன்னேன்.

பாண்டியன்: சார், நீங்க ராமபாணத்துல ஆரம்பிச்சு ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டீங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. ஆள் இல்லாத சேரை ஆள் இருக்கற சேர்னு எண்ணலாமா?

ரிட்டயர்டு ரேக்: எண்ணறதுக்கு முன்னாடி அந்த பாட்டிலை வெளிய எடுக்கச் சொல்லு. நான் இன்னும் அங்க இருந்திருந்தா டேபிள் டேபிளா போய் அள்ளி, கேட் வாட்ச்மேன்கிட்ட கொடுத்திருப்பேன். 2009ல அப்படித்தான் ஒரே நாள்ல பதினேழு பாட்டில், ஒரு டிபன் பாக்ஸ், அதுக்குள்ள எலுமிச்சை சாதம்...

மேன்ஷன்வாசி: சார், எலுமிச்சை சாதம் எல்லாம் இருக்கட்டும். எங்க டேபிள்ல ரெண்டு பாட்டில்தான்.

பாண்டியன்: மூணு. நீலக் கலர் மூடி போட்டதை நீங்க எண்ணவே இல்ல.

மேன்ஷன்வாசி: நீல மூடி பக்கத்து டேபிள்து.